ஒற்றை முடிச்சு

அந்த ஊரில் முதன்முதலாக நடப்பட்டது பந்தக்கால்தான், வாழையும் பருத்தியும் வெற்றிலைக் கொடியும் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை என்று ஒத்தமுடிச்சு ஊர்க்காரர்கள் சொல்லும்போது அதில் கொஞ்சம் பெருமை இருக்கும், கொஞ்சம் குற்ற உணர்ச்சி இருக்கும், கேட்கிறவருக்குத் தலை சுற்றுவதும் நிச்சயமாக இருக்கும். ஏனென்றால் அந்தப் பந்தல் இருபத்தேழு வருஷமாகப் பிரிக்கப்படாமல் நின்றது. அந்தக் கல்யாணம் முடிந்ததா முடியவில்லையா என்று கேட்டால் தெருவுக்கு ஒரு பதில் வரும். கல்யாணப் பெண்ணான சந்தனக்கனியையே கேட்டால், "எனக்கும் தெரியலியே" என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போய்விடுவாள்.

சந்தனக்கனிக்குப் பத்தொன்பது வயதானபோது அது ஊரே இல்லை. குளம் உடைந்து வீடும் நிலமும் போன எட்டுக் குடும்பங்கள் போக்கிடம் இல்லாமல் தேரிக்காட்டில் ஓலைக் குடிசை போட்டிருந்தன, அவ்வளவுதான். தேரி என்றால் கண்ணுக்கெட்டிய மட்டும் சிவப்பு மணல், காற்றடிகாலத்தில் எழுந்து நடந்து வேறிடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும் மணல், நேற்று வைத்த வேலியை இன்று தோண்டித்தான் எடுக்க வேண்டும். அந்த மணலுக்கு நடுவே மூளியாறு என்று ஒன்று கிடந்தது. கழுத்திலும் காதிலும் ஒன்றுமில்லாத பெண்ணை மூளி என்பார்கள் அல்லவா, தண்ணீரே இல்லாத அந்த ஆற்றுக்கும் அதே பெயரை வைத்திருந்தார்கள். அதில் தண்ணீரைப் பார்த்தவர்களைப் பார்த்தவர்கள்கூட உயிரோடு இல்லை. ஊற்றுக்குழி தோண்டி, சுரக்கச் சுரக்கச் சிரட்டையால் மொண்டு, ஒரு மிளகாய்ச் செடிக்கு ஒரு சிரட்டை என்று ஊற்றி அந்தச் சனங்கள் பிழைத்தார்கள்.

"இங்கன ஒரு கல்யாணம் நடந்துட்டா இது ஊரு ஆயிரும்," என்றார் சந்தனக்கனியின் அப்பா அரிராமன். அவர் எதையும் முறைப்படி செய்கிறவர், முறை தெரியாத இடத்தில் புதிதாக ஒரு முறையை உண்டாக்கிச் செய்கிறவர். எதிர்க் குடிசைத் தவசிலிங்கத்துக்கு மகளைப் பேசி முடித்தார். ஏழு வீடும் கூப்பிடு தூரத்தில் இருந்தும், தட்டில் வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் முறையாக அழைத்தார். அழைத்து முடித்துப் பார்த்தால் தட்டில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. அழைக்க எடுத்த வெற்றிலையைத் திருப்பி வீட்டுக்குள் கொண்டுவந்தால் பந்தியில் ஒரு இலை குறையும், அதாவது வீட்டில் ஓர் ஆள் குறையும் என்பது அவர்களுடைய பயம். தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. அரிராமன் மூளியாற்று மணலில் இறங்கி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்கை வைத்து, "வார வைகாசி பதினொண்ணு எம் மவளுக்குக் கல்யாணம். நீங்க குடும்பத்தோட வந்து கூட நின்னு நடத்திக் குடுக்கணும்" என்று ஒரு சொல் விடாமல் சொல்லிவிட்டு வந்தார்.

வைகாசி பதினொன்று காலையில் சந்தனக்கனி மணையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். தவசிலிங்கம் தாலிக் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டான். மிச்சம் இரண்டு முடிச்சு நாத்தனாருடையது, அதுதான் வழக்கம். நாத்தனார் சொர்ணத்துக்குப் பதின்மூன்று வயது, கையில் இருந்த விளக்கைக் கீழே வைத்துவிட்டு அண்ணனிடமிருந்து கயிற்றின் இரண்டு நுனியையும் வாங்கினாள். அந்த நேரத்தில் வடக்கே இருந்து ஒரு சத்தம் வந்தது. யாரோ "தண்ணி" என்றார்கள். பந்தல் மொத்தமும் எழுந்து ஓடியது, நாகஸ்வரக்காரர் ஓடினார், மாப்பிள்ளையும் பட்டுத்துண்டைப் பிடித்துக்கொண்டு ஓடினான்.

ஆறு வந்தது. நேரமாகிவிட்டதே என்று வருகிற விருந்தாளியைப் போலக் கொஞ்சம் அவசரமாகவும் கொஞ்சம் கூச்சத்தோடும் மணலில் முழங்கால் அளவு வந்தது, பந்தக்காலை ஒருமுறை தொட்டது, பிறகு தன் படுகைக்குப் போய் ஒழுங்காக உட்கார்ந்துகொண்டது. கூடவே கெண்டையும் கெளிறும் தவளைகளும் ஆமைகளும் மீன்கொத்திகளும் நாணல் புதர்களும் வந்திருந்தன. குடும்பத்தோடு வரச் சொன்னது அரிராமன்தானே.

மணையில் உட்கார்ந்த பெண் சடங்கு முடியாமல் எழுந்திருக்கக் கூடாது என்பதால் சந்தனக்கனி மட்டும் ஆற்றைப் பார்க்கவில்லை. பிடரியில் ஏதோ ஊர்ந்தது, அது விரலா, கசங்கிய மல்லிகையா, வியர்வையா என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவும் வெட்கமாக இருந்தது.

அரிராமன் இடுப்புவரை நனைந்து ஓடிவந்தார். பின்னாலேயே எட்டு வீட்டுச் சனமும் ஓடிவந்தது.

"ஏட்டி சொர்ணம், முடிச்சப் போட்டுட்டியா?"

அத்தனை பேரும் தன்னையே பார்ப்பதைச் சொர்ணம் பார்த்தாள். கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். "இல்ல மாமா."

"போடாத. போட்டுறாத தாயி. கல்யாணம் முடிஞ்சா வந்தவிய எந்திரிச்சிப் போயிருவாவ. கல்யாணம் நடக்குத வரைக்கும்தான விருந்தாளி இருப்பாவ?"

யாருக்கும் அதில் பிழை தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். ஒரு வாரத்தில் மிளகாய்ச் செடி இரண்டு முழம் வளர்ந்திருந்தது. இந்தப் பூ ஒன்று பழுக்கட்டும் என்றார்கள். பழுத்த பிறகு விதைத்திருந்தார்கள், விதைத்ததை அறுக்க வேண்டும் அல்லவா, அறுத்த கையோடு மறுபடி விதைக்க வேண்டும் அல்லவா, இப்படியே தள்ளிக்கொண்டே போனார்கள். ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறவும் பொறுக்கட்டும் என்று சந்தனக்கனியைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் அப்போது சிரித்தாள்.

விருந்தாளிக்குத் தினமும் மதியம் சாப்பாடு போட்டார்கள். தலைவாழை இலையில் சோறும் பருப்பும் கூட்டும் கருப்பட்டிப் பாயசமும் வைத்துத் தண்ணீரில் விட்டால், ஒரு நாழிகையில் இலை காலியாகி மடிந்து கரைக்கு வரும். தன் பக்கமாக மடித்தால் சாப்பாடு நன்றாக இருந்தது, உறவு தொடரும் என்று பொருள், எதிர்ப்பக்கமாக மடித்தால் மனக்குறை. ஆனால் ஓர் ஆற்றுக்குத் தன் பக்கம் என்பது எந்தப் பக்கம்? வந்த திசையா, போகிற திசையா, கரையா, நடுவா? இதைப் பற்றி ஊர் இருபத்தேழு வருஷம் சண்டை போட்டது, இலை ஒரே மாதிரிதான் வந்துகொண்டிருந்தது.

ஊர் வளர்ந்தது. ஆறு கொண்டுவந்த வண்டலைக் கூடை கூடையாக அள்ளிச் சிவப்பு மணலில் ஒரு முழக் கனத்துக்குப் பரப்பி, காற்று வராமல் பனையோலை வேலி கட்டி, வாழை வைத்தார்கள். அதைக் கேள்விப்பட்டு அடுத்த சீமையிலிருந்தெல்லாம் குடியேற வந்தார்கள். வந்தவர்களிடம் பெயரோ தொழிலோ கேட்பதற்கு முன்னால், "மாப்ள வீடா, பொண்ணு வீடா?" என்று கேட்டார்கள். கல்யாணத்துக்கு வந்தவர் ஏதாவது ஒரு பக்கத்து ஆளாகத்தானே இருக்க வேண்டும். மாப்பிள்ளை வீடு என்றவர்கள் கிழக்கேயும் பெண் வீடு என்றவர்கள் மேற்கேயும் வீடு கட்டினார்கள். நடுவில் பந்தல், வருஷத்துக்கு ஒருமுறை புது ஓலை. கிழக்குத் தெரு ஆட்கள் எதற்கெடுத்தாலும் முறுக்கிக்கொண்டார்கள், மேற்குத் தெரு ஆட்கள் எதற்கெடுத்தாலும் பணிந்து போனார்கள், அதைப் பார்த்துப் புதிதாக வந்தவர்கள் எல்லாம் மாப்பிள்ளை வீடே கேட்டதால் கிழக்கே இடம் போதாமல் போனது. பள்ளிக்கூடம் வந்தது, வாத்தியார் பெண் வீடு. அரிசி மில் வந்தது, பஸ் வந்தது, கண்டக்டர் எந்தப் பக்கமும் சேராமல் விழித்து, கடைசியில் சமையல்காரர் வகையில் சேர்க்கப்பட்டார். ஒரு நாளைக்கு என்று அழைத்து வந்த நாகஸ்வரக்காரர் முகூர்த்தம் முடியாமல் எழுந்து போகக் கூடாது என்று தங்கி, பல் விழுந்து, பிறகு வெறும் சீவாளியை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரே பந்தலில் இன்னொரு கல்யாணம் ஆகாது என்பதால் ஊர்ப் பிள்ளைகள் பக்கத்து ஊர்க் கோயிலில் போய் மூன்று முடிச்சும் போட்டுக்கொண்டு மாலையில் திரும்பி வந்து பிள்ளை குட்டிகளைப் பெற்றார்கள்.

சந்தனக்கனி அப்பா வீட்டில் இருந்தாள். தவசிலிங்கம் அவன் வீட்டில் இருந்தான். பந்தலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்தான், அவன் தும்மினால் அவளுக்குக் கேட்கும். கல்யாணம் நடந்துகொண்டிருக்கும்போது பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாகப் பேசுவது அழகில்லை என்று இரண்டு தெருவும் பார்த்துக்கொண்டது. அவன் வாழை வைத்தான், முதல் குலை அவள் வீட்டு வாசலுக்கு வந்தது. அவள் முருங்கை வைத்தாள், முதல் காய் அவன் வாசலுக்குப் போனது. அவனுக்கு அம்மை கண்டபோது வேப்பிலையோடு பந்தல்வரை ஓடினாள், அதற்குமேல் போகலாமா கூடாதா என்று தெரியாமல் அங்கேயே மூன்று நாள் நின்றாள். அவன் அம்மா செத்தபோது மருமகள் துக்கம் காக்க வேண்டுமா என்று கேள்வி வந்தது. ஒரு முடிச்சுதானே விழுந்திருக்கிறது, பதினாறு நாளில் மூன்றில் ஒரு பங்கு காத்தால் போதும் என்று தீர்ப்பானது. ஐந்து நாளும் சொச்சமும் அழுதாள். ஆறாவது நாள் காலையில் அழுதுகொண்டிருந்தவளை, "போதும், நேரமாச்சு" என்று எழுப்பினார்கள்.

குடிக்கணக்கு எடுக்க வந்தவர், கல்யாணமானவரா ஆகாதவரா என்று கேட்டார்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க," என்று கழுத்துக் கயிற்றைத் திருப்பிக் காட்டினாள்.

அவர் ஒன்றை எழுதி அழித்தார், மற்றதை எழுதி அழித்தார், தாள் கிழிந்துபோனது. அந்தக் கணக்கில் ஒத்தமுடிச்சு ஊரில் ஓர் ஓட்டை இருந்தது, அவ்வளவுதான்.

அவளுக்குக் கோபம் வரும். யார்மேல் என்று தெரியாது. அப்பாமேல் என்றால் அவர் ஊரைக் காப்பாற்றியவர். ஆற்றின்மேல் என்றால் அது அழைத்து வந்த விருந்தாளி. இருநூறு வீட்டுப் பிள்ளைகள் ஆற்றில் குதிப்பதைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும், உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தன் கல்யாணம் முடிந்தால் இந்தப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் இல்லை, இவர்களுக்குத் தண்ணீர் இருந்தால் தனக்குப் பிள்ளை இல்லை. இதில் எதை வேண்டிக்கொண்டு கும்பிடுவது என்று தெரியாமல், கோயிலில் போய்ச் சும்மா நின்றுவிட்டு வருவாள்.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அவளுடையது. ஆடிப் பதினெட்டு அன்று பெண்கள் ஆற்றங்கரையில் பழைய தாலிக் கயிற்றைக் கழற்றிப் புதுக் கயிறு மாற்றுவது வழக்கம். சந்தனக்கனிக்குப் புதுக் கயிற்றில் அந்த ஒரு முடிச்சைத் தவசிலிங்கமே போட வேண்டும் என்று ஏற்பாடு. ஆறு வந்த அந்த வருஷத்து ஆடியில், பழைய கயிற்றைக் கழற்றுவது நாத்தனார் உரிமை என்று சொர்ணம் பிடிவாதம் பிடித்தாள், யாரும் பார்ப்பதற்குள் கழற்றி ஆற்றில் எறிந்தும்விட்டாள். சின்னப் பிள்ளை ஆசை என்று விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடியிலும் தவசிலிங்கம் பின்னால் வந்து நிற்பான், அவன் மூச்சு அவள் பிடரியில் படும், அவன் விரல் ஒரு முடிச்சுக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளும். அதுதான் அவர்கள் நடத்திய குடும்பம். வெளியூரில் வாழ்க்கைப்பட்டுப் போன பிறகும் ஆடிதோறும் வந்துவிடும் சொர்ணம் பக்கத்தில் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள், அவள் மறந்தும் முடிச்சுப் போட்டுவிடாமல் இரண்டு தெருவிலிருந்தும் இரண்டு பேர் காவல். சொர்ணம் அவளை "மதினி" என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணம் முடியாமல் என்ன மதினி என்று பெரியவர்கள் வைதாலும் மாற்றிக்கொள்ளவில்லை.

அரிராமன் பதினைந்தாம் வருஷம் செத்தார். சாகும்போதும், "முடிச்சப் போட்டுறாதீய" என்றார்.

இருபத்தேழாம் வருஷம் பந்தக்காலுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது தவசிலிங்கத்தின் கண்ணில் தெறித்தது. ஒரு கண் போனது, மற்றதும் மங்கிக்கொண்டு வந்தது. அவர் பந்தல் கால்களைத் தடவித் தடவி நடப்பதை மேற்குப் பக்கமிருந்து ஒரு மாதம் பார்த்தாள் சந்தனக்கனி. கஞ்சி வைக்க ஆள் இல்லாமல் அவர் பழம் தின்று படுத்துக்கொள்வதையும் பார்த்தாள். ஒருநாள் மதியம், ஆற்றுக்கு இலை போடக் கூடியிருந்த ஊருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கு மிச்ச ரெண்டு முடிச்சும் வேணும்," என்றாள்.

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். கிழக்குத் தெருவின் முறுக்குக்காரர்கள்கூடக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"தாயி, வாழ எல்லாம் குலை தள்ளி நிக்கி. நூறு மாடு தண்ணி குடிக்கி. நீ சொன்னா நாங்க மறுக்க முடியாது. ஆனா எங்கள எங்க போவச் சொல்லுத?" என்றார் மில்காரர்.

பெண்கள் இடுப்புப் பிள்ளைகளோடு நின்றார்கள். சந்தனக்கனி அந்தப் பிள்ளைகளைப் பார்த்தாள். ஆற்றைப் பார்த்தாள். விருந்தாளியிடமே கேட்கலாம் என்று, இலையைத் தன் கையாலேயே தண்ணீரில் விட்டாள். இலை திரும்பி வந்தது. எப்போதும்போல மடிந்திருந்தது, அது சரி என்பதா வேண்டாம் என்பதா என்று கூட்டம் இரண்டாகப் பிரிந்து கத்த ஆரம்பித்தது.

"சரி, விடுங்க. ஒத்த முடிச்சே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

ஆடிப் பதினெட்டு வந்தது. முழங்கால் தண்ணீரில் சந்தனக்கனி நின்றாள், பின்னால் தவசிலிங்கம். பழைய கயிறு கழற்றியாகிவிட்டது. அவர் புதுக் கயிற்றைச் சுற்றினார், நுனியைத் தேடினார், முடிச்சு என்று நினைத்து இழுத்தார், அது அவிழ்ந்து வந்தது. இரண்டாவது முறையும் அவிழ்ந்தது. மூன்றாவது முறை கயிறு அவர் விரலை விட்டு, மஞ்சளும் தாலியுமாகத் தண்ணீரில் விழுந்து போயே போய்விட்டது.

ஊர் கணக்குப் போட்டது. ஒரு முடிச்சு இருந்தால் கல்யாணம் நடந்துகொண்டிருக்கிறது. மூன்று இருந்தால் முடிந்துவிட்டது. ஒன்றுமே இல்லையென்றால்? கல்யாணம் நின்றுபோனதா? ஆரம்பிக்கவே இல்லையா? நின்றுபோன கல்யாணத்தில் விருந்தாளி இருப்பாரா? சிலர் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், இருக்கிற தண்ணீரையாவது பிடித்து வைக்கலாம் என்று.

ஆறு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சொர்ணம் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். நாற்பது வயதுப் பெண், பதின்மூன்று வயதுப் பிள்ளை மாதிரி அழுதாள்.

"அன்னைக்கே போட்டுட்டேன் மதினி. தண்ணி வாரதுக்கு முந்தியே. எல்லாரும் ஓடும்போதே ரெண்டு முடிச்சும் போட்டுட்டேன். ஒங்க அப்பா கேட்டாவ. எல்லாரும் என்னயவே பாத்தாவ. பயத்துல இல்லன்னுட்டேன். அந்த ஆடில கயித்த நாந்தான் தூக்கி எறிஞ்சேன், மூணு முடிச்சும் அதுல கெடந்துச்சி. பெறவு சொல்லணும் சொல்லணும்னு ஒவ்வொரு வருசமும் வருவேன். வரும்போதெல்லாம் ஊருல பத்து வீடு கூடியிருக்கும்."

சந்தனக்கனிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. பிறகு, புரிந்ததுதான் புரியாமல் போயிற்று. பிடரியில் அன்றைக்கு ஊர்ந்தது விரல். அந்த விரலோடு தன் கல்யாணம் முடிந்துவிட்டது. முடிந்த கல்யாணத்தின் பெண்ணாக இருபத்தேழு வருஷம் பந்தலுக்கு இந்தப் பக்கம் நின்றிருக்கிறாள். சொர்ணத்தின் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். அடித்த கை எரிந்தது. அதற்கு மேல் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அப்போ ஆறு எதுக்கு இருக்கு?" என்றது ஒரு குரல்.

அதற்கும் தெருவுக்கு ஒரு பதில் வந்தது. விடைபெறும் வெற்றிலை பாக்கை யாரும் கொடுக்கவில்லை, அதனால்தான் என்றது மேற்குத் தெரு. பாயசத்துக்காகத்தான் என்றது கிழக்குத் தெரு. வந்த வழி மறந்துபோயிருக்கும் என்றார் வாத்தியார். நாகஸ்வரக்காரர் மட்டும் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, தான் இனிமேல் வீட்டுக்குப் போகலாமா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

தவசிலிங்கம் இதெல்லாம் காதில் விழாமல் குனிந்து தண்ணீருக்குள் துழாவிக்கொண்டிருந்தார்.

"இங்கனதான விழுந்துச்சி. இந்தா கெடைச்சிரும். ஒரு நிமிசம் நில்லு."

"விடுங்க. அது அன்னைக்கே கட்டியாச்சாம்," என்றாள் சந்தனக்கனி.

"யாரு கட்டுனது?"

"நீங்கதான்."

அவர் நிமிர்ந்து, சத்தம் வந்த பக்கமாகப் பார்த்தார். அவள் அவர் கையைப் பிடித்தாள். கரையேறி, வழிவிட்ட கூட்டத்துக்குள் நடந்து, பந்தலுக்குள் நுழைந்து, அந்தப் பக்கமாக வெளியே வந்து, கிழக்குத் தெருவில் போனார்கள். ஆரத்தி எடுக்க யாரும் இல்லை. வலது காலை வைக்க வேண்டும் என்று வாசலில் நினைத்தாள், நினைத்து முடிப்பதற்குள் எந்தக் காலோ உள்ளே போய்விட்டது.

வீட்டுக்குள் வெளிச்சம் குறைவாக இருந்தது. தவசிலிங்கம் தடவிப் பாயை விரித்தார். எப்போதோ வர வேண்டிய ஆள் வந்திருக்கிறாள், என்ன சொல்வது என்று தெரியாமல், வீட்டுக்கு யார் வந்தாலும் கேட்பதையே கேட்டார்.

"தண்ணி குடிக்கியா?"

"நான் என்ன விருந்தாளியா?" என்றாள் சந்தனக்கனி. "இரிங்க, ஒங்களுக்கு நான் எடுத்தாரேன்."

எழுந்து அடுக்களைக்குள் போனாள். பானை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.